சதுரமும் வண்ணமும்

ஓவியத்தில் வடிவம் சிறந்ததா, வண்ணம் சிறந்ததா என்பது நெடுநாளைய வினா. மனிதரையும் மரத்தையும் மலையையும் அறவே நீக்கி, கோடும் கட்டமும் கொண்டே தீட்டப்பெறும் வடிவியல் ஓவியத்தில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. இதற்கு விடைகாண, ஒரே வடிவத்தைக் கால் நூற்றாண்டுக் காலம் தீட்டியவர் ஜோசப் ஆல்பர்ஸ்.

1888-இல் ஜெர்மனியிற் பிறந்த இவர், முதலில் பள்ளி ஆசிரியராக விளங்கினார். பின்னர் பௌஹவுஸ் கலைப்பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். நாஜிகளின் நெருக்குதலால் 1933-இல் அப்பள்ளி மூடப்படவே, அமெரிக்கா சென்று கற்பிக்கலானார். 1950-இல், தம் 62ஆம் வயதில், ‘சதுரத்திற்கு வணக்கம்’ என்னும் பொருள்படும் ஓவிய வரிசையைத் தீட்டத் தொடங்கினார். 1976-இல் மறையும் வரை அவ்வரிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின.

அவற்றின் அமைப்பு எளியது: ஒன்றனுள் ஒன்றாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள். உட்சதுரம் நட்டநடுவில் அமையாது. சற்றுத் தாழ்ந்தே நிற்கும். சதுரங்களுக்கு இடைப்பட்ட வெளி கீழே ஒரு பங்கு எனின், இருபக்கமும் இவ்விரண்டு பங்கு, மேலே மூன்று பங்கு. வண்ணங்களைப் பெரும்பாலும் கலவாமல், குழாயிலிருந்து பிதுக்கியவாறே கத்தியால் பரப்பினார். அவற்றின் பெயர்களைப் பலகையின் பின்புறம் குறித்தும் வைத்தார்.

வடிவம் ஏறக்குறைய மாறாது நிற்க, மாறுவது வண்ணமே. எனினும் ஓர் ஓவியத்தில் உட்சதுரம் முன்னே வருவதுபோல் தோன்றும். மற்றொன்றில் ஆழத்தில் அமிழ்வதுபோல் தோன்றும். தட்டையான பலகையில் இத்தோற்றங்களை விளைவிப்பது, அடுத்தடுத்து நிற்கும் வண்ணங்களின் உறவேயாகும்.

இவ்வுண்மையை வகுப்பறையிலேயே சோதித்தறியலாம். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து இரு சிறு துண்டுகளை வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின்மீதும் மற்றதை வெள்ளைத் தாளின்மீதும் வைத்தல் வேண்டும். கறுப்பின்மேல் உள்ளது வெளிறியும், வெள்ளையின்மேல் உள்ளது கருமை மிகுந்தும் தோன்றும். இரண்டும் ஒன்றே என அறிந்த பின்னரும் அத்தோற்றம் நீங்காது. கண், ஒளியைத் தனித்து அளப்பதில்லை. அயலிலுள்ளதனோடு ஒப்பிட்டே அளக்கிறது. 1963-இல் வெளிவந்த தம் நூலில் ஆல்பர்ஸ் இத்தகைய தாட்பயிற்சிகளையே முன்வைத்தார். மாணவன் முதலிற் கண்டறிதல் வேண்டும். கொள்கை அதன்பின் வருதல் வேண்டும் என்பது அவர்தம் முறை.

ஒரு சொல் தொடரில் நின்று பொருள் சிறப்பதுபோல, வண்ணமும் அயல்வண்ணத்தால் தன் இயல்பைப் புலப்படுத்துகிறது. வடிவம் அதற்குத் தாழ்ந்ததன்று. சதுரம் அசையாது நிற்பதனாலேயே வண்ணத்தின் அசைவு நமக்குப் புலனாகிறது.