மழை மலிந்த ஊரும் மழை காணா ஊரும்

வானம் பொழிந்தால் வளம், பொய்த்தால் வறுமை என்பது நாம் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணம். ஆயினும், உலகிலேயே மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்றில் ஆண்டுதோறும் குடிநீர்த் தட்டுப்பாடு தலைகாட்டுகின்றது என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ?

அவ்வூரின் பெயர் சிராப்புஞ்சி. இந்தியாவின் வடகிழக்கே, மேகாலய மாநிலத்தின் காசிக் குன்றுகளில் அது அமைந்துள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை அங்குப் பெய்கின்றது. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையான பன்னிரண்டு மாதங்களில் மட்டும் 26,461 மில்லிமீற்றர் மழை பெய்தது. அஃது ஏறத்தாழ 87 அடி. வழிந்தோடாது தேங்கியிருப்பின் உயர்ந்த தென்னையும் அதில் மூழ்கியிருக்கும்.

இதற்குக் காரணம் யாது? கோடையில் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் பருவக்காற்று, நீராவியைச் சுமந்து பங்களாதேஷின் சமவெளியைத் தடையின்றிக் கடக்கின்றது. பின்னர்ச் சுவர்போல் எழும் குன்றுகளில் மோதி மேலெழுகின்றது. மேலெழுந்த காற்றுக் குளிர, அதிலுள்ள நீராவி மழையாகச் சொரிகின்றது. குன்றுகளுக்கு அப்பால், வடக்கேயுள்ள ஷில்லாங் நகரமோ அம்மழையின் நான்கிலொரு பங்கையும் பெறுவதில்லை.

இனி, தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்வோம். சிலி நாட்டின் வடக்கே, அற்றக்காமாப் பாலைவனத்தின் கடலோரத்தில் அரிக்கா என்னும் நகரம் உண்டு. அதன் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 0.76 மில்லிமீற்றர் மாத்திரமே. சிராப்புஞ்சியில் ஓராண்டிற் பெய்யும் மழை இங்குப் பெய்து முடியப் பதினாலாயிரம் ஆண்டுகள் வேண்டும்! 1903 ஒக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை அங்கு மழையே பெய்யவில்லை.

கடல் அருகிருந்தும் மழையில்லாமைக்குக் காரணங்கள் உள. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை அந்தீஸ் மலைகள் மறிக்கின்றன. மேற்கே, கரையையொட்டி ஓடும் குளிர் நீரோட்டம் கடற்காற்றைக் குளிர்விக்கின்றது. குளிர்ந்த காற்று மேலெழாது. வானிலிருந்து கீழிறங்கும் வறண்ட காற்றும் மூடிபோல் அதனை அமுக்குகின்றது. ஆதலால், ஈரம் மழையாகாது மூடுபனியாகவே நின்றுவிடுகின்றது.

அம்மூடுபனியையும் மக்கள் வீணாக்கவில்லை. அற்றக்காமாவின் தென் எல்லையிலுள்ள சுங்குங்கோ என்னும் மீனவர் கிராமத்துக்கு, மலைமேல் கட்டிய வலைகளிலிருந்து 1992 இல் நீர் கொணர்ந்தனர். வலையிற் படிந்த பனித்துளிகள் ஒன்றுசேர்ந்து குழாய்வழி இறங்கின. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஊரின் தாகம் தீர்த்த அவ்வலைகள், பராமரிப்புக் குன்றியதும் பயனற்றுப்போயின.

சிராப்புஞ்சியின் துன்பத்துக்கும் நீரைக் காவாமையே ஏது. அங்கு மழையிற் பெரும்பகுதி ஒரு சில மாதங்களுக்குள் பெய்துவிடுகின்றது. செங்குத்தான சரிவுகளில் வீழும் நீர், காடழிந்த நிலத்தின் மண்ணையும் அரித்துக்கொண்டு பங்களாதேஷை நோக்கி விரைகின்றது. எஞ்சுவதும் சுண்ணாம்புப் பாறைகளின் பிளவுகளில் மறைகின்றது. மாரி முடிந்து குளிர்காலம் வந்ததும் ஊற்றுக்கள் வற்ற, பெண்கள் குடம் சுமந்து நெடுந்தூரம் நடக்கின்றனர்.

மழையின் அளவைக் காற்றும் கடலும் மலையும் வகுக்கின்றன. அதனை மாற்றுதல் நமக்கு அரிது. வீழ்ந்த நீரை மரம் வளர்த்தும் குளம் தொட்டும் தேக்கிவைத்தல் நம்மால் இயலும். அதனைச் செய்யாத ஊருக்கு 11,000 மில்லிமீற்றர் மழையும் போதாது.