வெயில் தாங்காத மீன்

சுவர்ணமுகியில் மணல் கொதிக்கும் மே மாதத்தில் நம் சங்கக் குடும்பங்கள் பல ஊட்டிக்குப் புறப்படுகின்றன. நமக்கு முன்பே அந்தக் குளிரை நம்பிக் குடியேற்றப்பட்ட ஒரு விருந்தாளி அங்கே உண்டு: டிரவுட் மீன். 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். வானவில் டிரவுட் நிலைத்தது.

இறகையும் நூலையும் பூச்சிபோல் கட்டி, ஓடையில் லாகவமாக வீசிப் பிடிப்பார்கள். மண்புழுவும் கையுமாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது பெரிய வித்தைதான்!

கோடையில்தான் சிக்கல். ஓடை மெலிந்து நீர் சூடாகும். சூடான நீரில் பிராணவாயு குறையும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் திணறத் தொடங்கும். அந்நேரம் பிடித்துத் திரும்ப விட்டாலும், தூண்டிலோடு போராடிய களைப்பிலேயே செத்துப்போகலாம். ஆகவே நீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் மட்டும் வீசுங்கள். வெயில் ஏறியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். பிடித்த மீனை ஈரக்கையால் தொட்டு, உடனே நீரில் விடுங்கள்.

அவலாஞ்சி காப்புக்காட்டுப் பகுதி. அனுமதி பெறாமல் ஓடையில் இறங்க வேண்டாம்.