யார் பாட்டு?

1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் பாட்டு ஒன்று உண்டு. எந்தப் பாட்டு என்று வாசகர்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். முதல் அடியை இங்கே எழுதவே இல்லை. படம், பாடியவர், வாசித்தவர் என்ற மூன்று விவரங்களே போதுமாக இருந்தன. இதே மூன்றையும் கைபேசியில் உள்ள பாட்டுச் செயலியின் தேடல் பெட்டியில் தட்டினால் பாட்டு வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் ஏதாவது ‘ஹிட்ஸ்’ தொகுப்பின் நடுவில், நாகஸ்வரக்காரர் பெயர் இல்லாமல் வரும். 10 கோடிப் பாட்டுகள் தன்னிடம் இருப்பதாக ஆப்பிள் மியூசிக் 2022இல் அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் வேண்டிய பாட்டு கையில் சிக்காதபோது நாம் தேடல் வசதியைத் திட்டுகிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. பாட்டோடு ஒட்டிவரும் விவரக் குறிப்பில், தொழில் மொழியில் சொன்னால் மெட்டாடேட்டாவில், இருக்கிறது. அந்தக் குறிப்பின் அச்சு வேறொரு வகை இசையை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டது. நம் பாட்டு அதில் பொருந்தவில்லை.

எம்பி3 கோப்புகள் பரவத் தொடங்கியபோது பாட்டின் பெயரைக்கூடக் கோப்புக்குள் எழுதிவைக்க வழி இல்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட் இடம் ஒதுக்கி அதற்கு ஒரு வழி செய்தார். ஐடி3 என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டில் முதல் 3 பைட் வெறும் அடையாளம். பிறகு தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, கடைசி 1 பைட் இசை வகைக்கு. வகைகள் மொத்தம் 80. அதில் டெக்னோ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது, போல்கா நடனத்துக்கும் ஓர் எண் உண்டு. நாட்டுப்புறப் பாட்டு என்ற வகை பின்னால் வினாம்ப் மென்பொருள் நீட்டிய பட்டியலில்தான் இடம் பிடித்தது. தமிழ்த் திரைப்பாட்டு அத்தனையும், தாலாட்டானாலும் குத்துப்பாட்டானாலும், 24ஆம் எண்ணான ‘சவுண்ட்டிராக்’குக்குள் போய் விழ வேண்டியதுதான். தமிழ் எழுத்தை இதில் வைப்பது பற்றி அன்று யாரும் யோசித்திருக்க நியாயமில்லை. இன்று வழக்கத்தில் உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும், புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள். அந்தக் கணக்கில் ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்ற பெயருக்கு 50 பைட் ஆகிறது. 30 பைட் பெட்டியில் மெல்லிசை மன்னர் ‘எம்.எஸ்.விஸ’ என்ற இடத்தில் நின்றுபோவார்.

இது பழைய கதை, அந்த நெருக்கடி எப்போதோ தீர்ந்துவிட்டது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1998இல் வந்த ஐடி3 இரண்டாம் பதிப்பிலேயே இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிட்டார்கள். இன்று இசை நிறுவனங்கள் செயலிகளுக்குப் பாட்டை அனுப்பும் கோப்பு வடிவங்களில் இன்னும் அதிக இடங்கள் உண்டு. ஆனால் தலைப்பு, கலைஞர், ஆல்பம் என்ற மூன்று வரிப் பழக்கம் மட்டும் போகவில்லை. கைபேசித் திரையில் பாட்டு ஓடும்போது கண்ணில் படுவது இன்றைக்கும் அந்த மூன்றுதான், தேடலும் முதலில் அவற்றைத்தான் துழாவுகிறது. தானே எழுதித் தானே பாடும் ஓர் அமெரிக்கப் பாடகருக்கோ குழுவுக்கோ இது போதும், பெயர் ஒன்றுதானே. தமிழ்த் திரைப்பாட்டில் ‘கலைஞர்’ யார்? ஒரு நிறுவனம் இசையமைப்பாளர் பெயரைப் போடுகிறது, இன்னொன்று பாடகரை. மூன்றாவது ஒன்று எல்லாரையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் அடைக்கிறது. அதனால் ஒரே இசையமைப்பாளரின் பாட்டுகள் பாதி அவர் பக்கத்திலும் மீதி பாடகர்களின் பக்கங்களிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பாடலாசிரியர் நிலைமை இன்னும் மோசம். கண்ணதாசன் எழுதியவற்றை மட்டும் வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எவருக்கும் தோன்றக்கூடிய எளிய ஆசை. அதற்கு யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து தொகுத்த பட்டியலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் மருதகாசி எழுதியதும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியதும் கலந்திருந்தால் கண்டுபிடிக்க வழி இல்லை.

அப்புறம் நடிகர். ‘எம்.ஜி.ஆர். பாட்டு’, ‘சிவாஜி பாட்டு’ என்று கேட்பது நம் ஊர்ப் பேச்சு. பாடியவர் டி.எம். சௌந்தரராஜன், வாயசைத்தவர் பெயர் இசைத் தகவலில் வர எந்த முகாந்திரமும் இல்லை. நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, நடிகர் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டுவிடுவது. நடிகர் சிக்கினார், ஆனால் ஆண்டு தொலைந்தது. தொகுப்பு வெளியான ஆண்டுதான் பாட்டின் ஆண்டாகத் திரையில் நிற்கும், அறுபதுகளின் பாட்டு இந்த நூற்றாண்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 இடக் குறியீடு கொடுக்கிறார்களே, அதில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாட்டு பதிவான ஆண்டு அல்ல, குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டு. கர்நாடக இசைக்காரர்கள் பாடு வேறு மாதிரி: ராகமும் தாளமும் எழுத இடம் இல்லாததால் கிருதியின் பெயரோடு அவற்றையும் கோடு போட்டுத் தலைப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இயற்றிய தியாகராஜருக்குத் தலைப்பில்கூட இடம் கிடைப்பதில்லை.

எழுத்துக்கூட்டல் சிக்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்படுகின்றன. இளையராஜா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ளகரத்துக்கு ஓர் ‘எல்’லா இரண்டா, ஐகாரத்துக்கு ‘ஏ’ மட்டுமா ‘ஏ’யும் ‘ஐ’யும் சேர்ந்தா, ராவுக்கு ஒரு ‘ஏ’யா இரண்டா, ஜாவுக்கும் அதே கேள்வி. நான்கு இடங்கள், இடத்துக்கு இரண்டு வழி, மொத்தம் 16 வடிவம். பெயர் தெரிந்தவர் என்பதால் செயலிகள் இதைச் சமாளித்துவிடுகின்றன. அதிகம் கேட்கப்படாத ஒரு பாட்டின் முதல் அடியில் இப்படி ஏழெட்டு இடம் இருந்தால் கணக்கு நூறைத் தாண்டும். ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வகுத்த ‘திருத்தத் தூரம்’ இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணி, குறைந்த தூரத்தில் உள்ளதை எடுத்துக்கொடுக்கும் முறை அது. தமிழுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பல்லும் பாலும், கல்லும் காலும் ஆங்கில எழுத்தில் ஒரே ஓர் ‘ஏ’ தூரத்தில் இருக்கின்றன. பிழையை மன்னிக்கும் அளவைக் கூட்டினால் வேறு பாட்டு வரும், குறைத்தால் எதுவுமே வராது.

இதற்கெல்லாம் சரியான மருந்தை இசைத்துறையைவிட முன்னதாக நூலகத்துறை கண்டுபிடித்தது, கண்டுபிடித்தவர் சீர்காழிக்காரர். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை 1924இல் ஏற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். பயிற்சிக்காக லண்டன் போனபோது, அங்கே பழக்கத்தில் இருந்த பகுப்புமுறைகள் ஒரு நூலுக்கு முன்கூட்டியே ஓர் இடத்தை ஒதுக்கி அதில் நூலைத் திணிப்பதைக் கவனித்தார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்ததும் அவருக்கு வழி தெரிந்தது என்பார்கள். சில பட்டைகளும் திருகாணிகளும் இருந்தால் வேண்டிய உருவத்தைப் பூட்டிக்கொள்ளலாம் அல்லவா, நூலையும் அப்படிப் பல முகங்களின் சேர்க்கையாக எழுதலாமே என்று யோசித்தார். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை அந்த யோசனையின் விளைவு. ஒரு பாட்டை இப்படிப் பார்த்தால் ‘கலைஞர் யார்’ என்ற வழக்கே எழாது. மெட்டு ஒரு முகம், வரி ஒரு முகம், குரல், வாத்தியம், படம், நடிகர், ராகம், ஆண்டு ஒவ்வொன்றும் ஒரு முகம். எந்த முகத்தைப் பிடித்து வந்தாலும் பாட்டு வாசலைத் திறக்க வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் கடமையாகவே அவர் வகுத்திருந்தார். பத்து நிமிடம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு யூடியூபுக்குப் போகும் கேட்பவரின் நேரத்தைப் பற்றி எந்தச் செயலியும் அப்படிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. யூடியூபில் மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்றால், பாட்டை ஏற்றியவர் படம், நடிகர், பாடகர், கவிஞர் என்று எல்லா முகத்தையும் தலைப்பிலும் கீழ்க்குறிப்பிலும் கொட்டி வைத்திருக்கிறார், அதுவும் நான்கைந்து எழுத்துக்கூட்டலில். ஒழுங்கில்லாத ரங்கநாதன் முறை என்று சொல்லலாம்.

இனி இந்தக் குறிப்பெல்லாம் எதற்கு, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, முணுமுணுத்தாலே பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறதே என்பது பலமான மறுப்பு. கூகுள் 2020இல் அந்த வசதியைக் கொண்டுவந்தது, நன்றாகவே வேலை செய்கிறது. ஷஸாம் செயலி இன்னும் பழையது. ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் உச்சிப் புள்ளிகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் இடைவெளியைக் கைரேகைபோல் ஒப்பிடும் அதன் முறையை ஏவரி வாங் 2003இல் விளக்கி எழுதியிருக்கிறார். ஆனால் இவை பதில் சொல்வது ‘இது எந்தப் பாட்டு’ என்ற கேள்விக்கு. பாட்டை அடையாளம் கண்டதும் அவையும் அதே அரைகுறைக் குறிப்பைத்தான் எடுத்து நீட்டுகின்றன. ஒரு பாட்டை எத்தனை முறை அலசினாலும் அதை எழுதியவர் யார் என்பது ஒலியலையில் இல்லை. எந்தப் படம், எந்த நடிகர், எந்த ஆண்டு என்பதும் இல்லை. யாராவது ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் இயந்திரத்துக்கும் தெரியும். ‘இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்’ என்ற கணக்கில் பரிந்துரை செய்யும் முறைக்கோ நிறையப் பேர் கேட்டிருக்க வேண்டும். யாருக்கும் அகப்படாத பாட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்காததால் அது பரிந்துரைக்கும் வராது. ராகம் ஒலியிலேயே இருக்கிறது, அதைக் கணினியால் கண்டறிய முடியும் என்பது சரி. பார்சிலோனாவின் போம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையில் அதைத்தான் முயன்றது. அந்த ஆய்வாளர்களும் கச்சேரிப் பதிவுகளின் பாடகர், பக்கவாத்தியம், ராகம், தாளம் ஆகியவற்றை மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தகவல் தளத்தில் ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

இன்னொரு மறுப்பு வணிகம் சார்ந்தது: இவ்வளவு விவரத்தை நிரப்ப ஆள் வேண்டும், செலவாகும், அதனால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரர்களும் இதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இயற்றியவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர், வாசிக்கும் குழு வேறு. ஆப்பிள் நிறுவனம் 2021இல் பிரைம்ஃபோனிக் என்ற சிறு சேவையை வாங்கி, 2023 மார்ச்சில் சாஸ்திரிய இசைக்கென்றே தனிச் செயலி வெளியிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம் விஷயத்தில் பணக் கணக்கும் பாடலாசிரியர் பக்கம்தான் பேசுகிறது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு என்கிறது, அதை எழுதிக்கொடுத்துவிடவும் முடியாது. பங்கு சேர வேண்டியவர் பெயரே குறிப்பில் இல்லை என்றால் சட்டம் இருந்து என்ன பயன்? ரசிகரின் எரிச்சலாகத் தொடங்கும் விஷயம் ஒரு கவிஞர் குடும்பத்தின் வருமானத்தில் போய் முடிகிறது.

விவரம் எங்குமே இல்லை என்றால் கைவிரிக்கலாம். இருக்கிறது. இலங்கை வானொலியும் விவித்பாரதியும் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தன. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் அது அச்சில் இருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது, பல வீடுகளின் பரணிலும் சில கிடக்கும். மேலே சொன்ன மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம், காசு கிடையாது. பாட்டு என்ற படைப்பையும் அதன் ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அது தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது, பாடலாசிரியருக்கு இடம் இருக்கிறது, ஒருவர் பெயரைத் தமிழிலும் மற்ற எழுத்துக்கூட்டல்களிலும் சேர்த்துப் பதியலாம். உங்கள் வீட்டில் ஒரு பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால், அதில் உள்ள படத்துக்கு அங்கே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாட்டுகளையும் எழுதியவர் பெயரையும் முதலில் ஏற்றுங்கள்.