யாரைப் பார்க்கறது?

'தூக்கமே வரலைண்ணே, யாரைப் பார்க்கறது?' காணையில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கிற வாலிபர்கள் என்னிடம் கிசுகிசுக்கிற கேள்வி இது. (கடன் கேட்கக்கூட இவ்வளவு கூச்சப்பட மாட்டார்கள்!)

மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். பேச்சாலேயே சிகிச்சை தருகிறவர் உளவியல் நிபுணர். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பழைய பைக் வாங்கவே ஆர்.சி. புக் கேட்கிறோமே! நாலு தடவை பேசியும் மனசு ஒட்டவில்லையா? ஆளை மாற்றலாம், தப்பில்லை.

'ஆபீஸ்ல தெரிஞ்சிடுமோ?' உங்களைக் கேட்காமல் டாக்டர் உங்கள் மேனேஜரிடம் சொல்லக்கூடாது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அப்படி.

செலவுக்குப் பயந்தால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'செத்துடலாமா'ன்னு தோன்றினால் மட்டும் லீவுக்குக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ். காசில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழிலேயே பேசலாம்.