லேப்டாப் பேட்டரியும் கத்திரி வெயிலும்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், திருவண்ணாமலை வட்டாரத்திலும் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்து சேர்ந்தது. இத்தகைய இயந்திரத்தில் பெரும்பாலும் முதலில் தளர்வது பேட்டரிதான். சார்ஜ் நிற்கவில்லை என்பதற்காக லேப்டாப்பையே ஓரங்கட்ட வேண்டாம். முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்.

சார்ஜ் சீக்கிரம் தீர்ந்தால், பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்கலாம். இல்லையேல் லேப்டாப் கூடுதலாக மின்சாரம் இழுக்கலாம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அது காட்டும். 40,000 மில்லிவாட் மணி 20,000 ஆகியிருந்தால் பாதி தேய்ந்துவிட்டது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது திரும்பாது. இரண்டு எண்களும் நெருங்கியிருந்தால் பேட்டரி நலம். அப்படியானால் லேப்டாப் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும்: திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்னணியில் ஓயாமல் ஓடும் செயலிகளை டாஸ்க் மேனேஜரில் கண்டுபிடித்து நிறுத்துங்கள்.

பேட்டரி ஏன் தேய்கிறது? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனைக்குள் நுழைகின்றன, இறங்கும்போது வெளியேறுகின்றன. கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலம் நாளாக ஆக வளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைச் சிறைப்பிடிக்கிறது. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் இந்தத் தேய்மானம் விரைகிறது. 40 டிகிரி வெப்பத்தில் முழு சார்ஜுடன் ஓராண்டு கிடக்கும் பேட்டரி மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கக்கூடும். அதே வெப்பத்தில் 40 சதவீத சார்ஜுடன் இருந்தால் இழப்பு ஏறத்தாழ 15 சதவீதம்தான்.

திருவண்ணாமலையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை வீட்டுக்குள் சூடு இன்னும் கூடும். கரண்ட் போய்விடுமோ என்று நாள் முழுக்க சார்ஜரிலேயே போட்டுவைத்தால், பேட்டரிக்கு ஆகாத இரண்டும் ஒன்றுசேர்கின்றன. ஆகவே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். மெத்தைமேல் வைக்காதீர்கள், மின்விசிறித் துளைகளில் தூசி அடையவிடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் பீரோவில் பூட்டப்படும் லேப்டாப்புக்கு வேறு ஆபத்து உண்டு. சார்ஜ் முற்றிலும் வற்றி மாதக்கணக்கில் கிடந்தால், பேட்டரி மறுபடி சார்ஜ் ஏற்க மறுக்கலாம். பாதி சார்ஜில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிடுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும். குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அந்த மாடலுக்கு உரிய தரமான பேட்டரியை மாற்றினால், வீட்டில் அடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அதே லேப்டாப் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.