'குழப்படி'க்குப் பின்னால் இருக்கும் நித்திரைக் குறைவு

வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், படிப்பில் கவனமில்லை. வன்னியில் பாடசாலைகள் பற்றிச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் ஆசிரியர்களிடம் நான் கேட்கும் முறைப்பாடு இது. 'குழப்படிகாரப் பிள்ளை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை முதல்நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை.

நித்திரை குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள். சிறுபிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள், அடம்பிடிப்பார்கள், சின்ன விடயத்துக்கும் அழுவார்கள். உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி பிள்ளைகளுக்கு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நித்திரை குறையும்போது அதன் பிடி தளர்கிறது. பயமும் கோபமும் மேலோங்குகின்றன.

கனடாவின் மொன்றியலில் 7 முதல் 11 வயது வரையான 34 பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2012இல் வெளியானது. ஐந்து இரவுகள் சுமார் அரைமணி நேரம் கூடுதலாக நித்திரை கொண்ட பிள்ளைகளிடம் பதற்றமும் எரிச்சலும் குறைந்ததை, விபரம் தெரியாத அவர்களது ஆசிரியர்களே கவனித்தார்கள். நித்திரை குறைக்கப்பட்ட பிள்ளைகளின் நடத்தை மோசமானது. 

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணிநேரமும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணிநேரமும் நித்திரை தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலை 5 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, இரவு 8 மணிக்கே நித்திரையாகியிருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அது நடக்கிறதா?

எங்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஷெல் சத்தம் கேட்டவர்கள் அல்லர். ஆனால் நாய் குரைத்தால் திடுக்கிட்டு எழும்பும் தாயின் பக்கத்தில், இரவில் வாசலிலேயே குந்தியிருக்கும் தகப்பனின் வீட்டில் படுக்கிறார்கள். பெரியவரின் விழிப்பு பிள்ளைக்கும் தொற்றுகிறது. காரணம் தெரியாமலே, இரவு என்றால் பயம் என்று அது பழகிக்கொள்கிறது.

செய்யக்கூடியவை எளிமையானவை. விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பே போனை வாங்கி வையுங்கள். பின்னேரத்துக்குப் பின் தேநீர் வேண்டாம். அதிலுள்ள கஃபீன் பல மணிநேரம் உடம்பில் நிற்கும். ஏசி, அடித்துப் படுக்கைக்கு அனுப்பாதீர்கள். பயப்படும் பிள்ளை அம்மாவின் பாயில் படுப்பதில் தவறில்லை.

நித்திரை கொண்டதும் ஓரிரு மணிநேரத்தில் அலறி, காலையில் எதுவும் ஞாபகமில்லாத பிள்ளையை உலுப்பி எழுப்ப வேண்டாம். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். விடியப்புறம் கனவு கண்டு அழும் பிள்ளைக்கு அணைப்பும் ஆறுதலும் வேண்டும். கெட்ட கனவுகள் வாரக்கணக்கில் நீடித்தாலோ, நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்பவும் தொடங்கினாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். உளநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

அந்த இலக்கம் பெற்றோருக்கும்தான். இத்தனை வருடமாக நித்திரையில்லாமல் இருப்பதை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. அதற்கும் சிகிச்சை உண்டு. நீங்கள் நித்திரை கொள்ளும் வீட்டில்தான் பிள்ளையும் பயமில்லாமல் நித்திரை கொள்ளும்.