வீமனின் கதையும் பார்ப்போர் வினாவும்: தொலைக்காட்சிச் சித்திரத் தொடர்களின் நீதிபோதனை பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களுக்கு வீமன் புதியவன் அல்லன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் பதினெட்டு நாள் விழாவில் பாரதம் படிக்கப்பட்டு, இறுதியில் தீமிதிப்பு நிகழ்கின்றது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ‘பதினெட்டாம் போர்’ என்னும் வடமோடிக் கூத்துத் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளது. ஆனால் இப்பிரதேசத்துச் சிறுவர் பலர் இன்று முதலில் அறிந்துகொள்ளும் வீமன் வேறொருவன். தோலக்பூர் என்னும் கற்பனை நாட்டில், லட்டு உண்டு வலிமை பெற்று, அரசனுக்கு வரும் இடர்களையெல்லாம் களையும் ‘சோட்டா பீம்’ என்னும் சிறுவனே அவன். ஐதராபாத்தைத் தளமாகக் கொண்ட கிரீன் கோல்ட் நிறுவனத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கி, 2008ஆம் ஆண்டு போகோ அலைவரிசையில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடர், தமிழ்க் குரலேற்றத்துடன் நம்மவர் இல்லங்களையும் வந்தடைந்தது.

படுவான்கரைக் கிராமமொன்றில் இத்தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியொருத்தி ஒருமுறை என்னிடம் கேட்டாள்: “பீமும் லட்டக் களவுதானே எடுக்கான்? பிறகென்ன காலியா மட்டும் கெட்டவன்?” இவ்வினாவை எளிதிற் புறக்கணித்துவிட முடியாது. நல்லொழுக்கம் கற்பிப்பதாகக் கூறிக்கொள்ளும் ஒரு கலைப்படைப்பு, தான் கற்பிக்கும் ஒழுக்கத்தைத் தன் நாயகனுக்குப் பொருத்தாது விடுவதை அச்சிறுமி கண்டுகொண்டாள். பார்ப்போருக்கு இத்தகைய தொடர்கள் மீது எழும் சலிப்பையும் சினத்தையும் பொழுதுபோக்குப் பற்றிய சில்லறை முறைப்பாடாகவே பலர் கருதுவர். அவை விமரிசனத்தின் முதற்படி என்பதும், அப்படியில் நிற்கும் சிறுவருக்கு அடுத்த படியைக் காட்டும் பொறுப்பு நமக்குண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1

சித்திரத் தொடர்களில் நீதி எவ்வாறு இடம்பெற்றது என்பதை முதலில் வரலாற்று நிலையில் நோக்குதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968ஆம் ஆண்டு பெகி சாரன் முதலானோர் சிறுவர் தொலைக்காட்சிக்கான செயலமைப்பொன்றை நிறுவினர். சிறுவர் நிகழ்ச்சிகளை வணிகத்தின் பிடியிலிருந்து விடுவித்தல் அவ்வமைப்பின் முதன்மைக் கோரிக்கையாயிற்று. ஆனால் றேகன் ஆட்சிக் காலத்தில், 1984இல், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒளிபரப்பத்தக்க விளம்பர நேரத்துக்கு இருந்த வரையறைகள் நீக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1983இல் தொடங்கிய ‘ஹீ-மேன்’ இக்காலப்பகுதியின் இயல்பைத் துலக்கமாகக் காட்டும். மட்டெல் என்னும் விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் பொம்மைகளை அடியாகக் கொண்டு எழுந்தது இத்தொடர். கதை முழுவதிலும் அப்பொம்மைகளே போரிடுகின்றன. கதை முடிந்ததும் பாத்திரமொன்று பார்ப்போரை நோக்கி நீதியொன்றைக் கூறுகின்றது. அரை மணி நேர விளம்பரத்துக்கு அரை நிமிட அறவுரை ஒட்டப்பட்டது எனலாம். வணிகத்தைக் கட்டுப்படுத்துமாறு கேட்ட பெற்றோருக்கு, வணிகம் அவ்வாறேயிருக்க, நீதி மட்டும் பதிலாக வழங்கப்பட்டது. இங்கு நீதி பண்டத்தின் உறையாயிற்று.

அந்நீதியின் உள்ளடக்கம் யாது? அதே 1983இல் தொடங்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் தொடரின் ஆக்கத்திற் பங்குகொண்ட எழுத்தாளர் மார்க் எவனியர், தமக்கு இடப்பட்ட நிபந்தனையைப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். குழுவின் முடிவோடு மாறுபடும் சிறுவனே எப்பொழுதும் தவறானவனாகக் காட்டப்படல் வேண்டும் என்பதே அது. அத்தொடரில் எரிக் என்னும் பாத்திரம் இதற்கெனவே அமைந்தது. அவன் ஐயுறுவான், முறையிடுவான், பின்னர் இடரிற் சிக்கிப் பாடம் படிப்பான். ஒற்றுமை என்னும் நற்பெயரால் இங்கு கற்பிக்கப்படுவது இணங்கிப்போதலே. ஒற்றுமை நியாயத்தின் பொருட்டு அமைவது. இணக்கமோ எதன் பொருட்டும் அமையலாம். இவ்வேறுபாட்டை மறைப்பதிலேயே இந்நீதியின் கருத்துநிலைப் பணி அடங்கியுள்ளது.

இதற்கு ஒரு தசாப்தத்துக்கு முன்னரே, சிலி நாட்டில் அலண்டேயின் ஆட்சி நடைபெற்ற 1971இல், ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மத்தலாரும் வோல்ற் டிஸ்னியின் சித்திரக் கதைகளை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டனர். டொனால்ட் டக்கின் உலகில் செல்வம் உண்டு, அதனைப் படைக்கும் தொழிலாளர் இலர். தொலைநாட்டு மக்கள் தம் புதையல்களை மகிழ்ச்சியுடன் கையளிக்கும் அறியாக் குழந்தைகளாகவே வருகின்றனர் என அவர்கள் காட்டினர். 1973 செப்டெம்பர் 11ஆந் திகதி நிகழ்ந்த இராணுவச் சதிப்புரட்சியின் பின் அந்நூல் எரிக்கப்பட்டது. வாத்துப் பற்றிய நூலொன்றை எரிக்குமளவுக்கு ஓர் அரசு அஞ்சியதெனின், வாத்தின் கதை வெறுங்கதையன்று என்பது தெளிவு.

2

இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கு பணியாற்றிய டைட்டஸ் தொட்டவத்த அயல்நாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களப் பேச்சுமரபுக்குள் கொணர்ந்தார். பக்ஸ் பனி என்னும் முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆயிற்று. இதற்கு நிகரான தமிழ்க் குரலேற்ற மரபொன்று இந்நாட்டில் நிலைகொள்ளவில்லை. இவ்வெற்றிடத்தைத் தமிழ்நாட்டு அலைவரிசைகளே பின்னர் நிரப்பின. சன் குழுமம் 2007இற் சுட்டி டிவியைத் தொடங்கியது. டோராவும் அவள் குரங்கும் மட்டக்களப்புச் சிறுவருக்கு அயற்பிள்ளைகளாயினர். இன்று அதே பணியைக் கைத்தொலைபேசியும் ஆற்றுகின்றது.

இங்கு ‘சோட்டா பீம்’ தொடரின் அமைப்பை நோக்குவோம். நாட்டுக்கு இடர் வருகின்றது. அரசன் இந்திரவர்மன் பீமை அழைக்கின்றான். பீம் வென்று தருகின்றான். அரசு எவ்வாறு அமைந்தது, எவர் உழைப்பில் அது நிலைபெறுகின்றது என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. பீமின் வலிமைக்கு ஆதாரம் லட்டு. அதனைச் செய்து விற்பவள் டுன்டுன் என்னும் உழைக்கும் பெண். அவள் மகள் சுட்கி. நாயகனின் ஆற்றல் இவ்விரு பெண்களின் உழைப்பிலிருந்து பிறந்தும், புகழ் அவனையே சாருகின்றது. போட்டியிட்டும் பொறாமைப்பட்டும் தோற்பவன் காலியா. அப்பெயர் ஹிந்தியிற் கருமையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது என்பதும் கவனிக்கற்பாலது. பீம் எடுக்கும் லட்டுக் குறும்பாகவும், காலியாவின் செயல் குற்றமாகவும் காட்டப்படுமிடத்து, செயலைக் கொண்டு ஆளை மதிப்பிடும் முறை மாறி, ஆளைக் கொண்டு செயலை மதிப்பிடும் முறை நிலைநாட்டப்படுகின்றது. சிறுமியின் வினா இவ்விடத்தையே தொட்டது.

‘நீதிக்கதைகள்’ என்னும் பெயரில் இணையவழி வரும் தமிழ்ச் சித்திரக் கதைகள் இதனினும் வெளிப்படையானவை. தன் நிலை உயர வேண்டுமென விரும்பும் ஏழை பேராசைக்காரனாகி அழிகின்றான். கிடைத்தது போதுமென்றிருப்பவன் புதையல் பெறுகின்றான். மாற்றாந்தாய் கொடியவள், நல்ல தாய் வீட்டை விட்டு நீங்காதவள். இக்கதைகளைப் பார்க்கும் சிறுவர் யாவர்? மட்டக்களப்பு மாவட்டத்தில் எத்தனையோ இல்லங்களிலிருந்து தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றுள்ளனர். போரும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையும் பல குடும்பங்களின் அமைப்பையே மாற்றிவிட்டன. நுண்கடன் சுமை பெண்களை வாட்டுகின்றது. தாய் அனுப்பும் பணத்தில் உண்டு, அம்மம்மாவின் மடியிலிருந்து படம் பார்க்கும் பிள்ளைக்கு, ‘நல்ல தாய் வீட்டிலிருப்பாள்’ என்னும் நீதி எதனைக் கற்பிக்கும்? தன் தாயின் உழைப்பைத் தியாகமாகவோ உரிமையாகவோ உணரவிடாது, குறையாகவே அது உணர்த்தும். இதனாலேயே இது இரசனை பற்றிய விவகாரமாக மட்டும் நின்றுவிடவில்லை.

3

பார்ப்போரின் அதிருப்தி இருவகையில் வெளிப்பட்டுள்ளது. முதலாவது, அரசின் தடையாக மாறும் அதிருப்தி. பங்களாதேசம் 2013இல் ஹிந்திக் குரலேற்றத்துடன் வந்த ‘டோரேமான்’ தொடரைத் தடுத்தது. பிள்ளைகள் பொய்பேசப் பழகுவதும், வங்காளத்தை விட்டு ஹிந்தி பேசுவதும் அங்கு முறைப்பாடுகளாயிருந்தன. தாய்மொழி பற்றிய கவலை நியாயமானதே. எனினும் தடை சிறுவரை விமரிசகராக்குவதில்லை. ஒரு தொடரின் இடத்தில் இன்னொன்றை அமர்த்துவதோடு அது ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, பார்ப்போர் தாமே எழுப்பும் குரல். 2020 ஜூன் மாதத்தில், பீம் சுட்கியைக் கைவிட்டு இளவரசி இந்துமதியை மணந்துவிட்டான் என்னும் செய்தி பரவ, ‘சுட்கிக்கு நீதி’ கேட்டு இந்தியச் சமூக ஊடகங்களில் ஆயிரக்கணக்கானோர் எழுதினர். பாத்திரங்கள் இன்னும் சிறுவரே, அத்தகைய திருமணம் எதுவும் நிகழவில்லை என நிறுவனம் விளக்கமளித்தது. பலர் இதனை வேடிக்கையாகவே கொண்டனர். ஆயினும் அவ்வேடிக்கையின் அடியிலே கூரிய சமூக உணர்வொன்று கிடந்தது. ஆண்டுக்கணக்காக லட்டுக் கொணர்ந்து கொடுத்தவள் உழைப்பாளியின் மகள். பரிசு பெற்றதாகக் கருதப்பட்டவள் அரண்மனையின் மகள். உழைப்பு ஏற்கப்படாமையைப் பார்ப்போர் உணர்ந்தனர். அதேவேளை அவ்வுணர்வின் எல்லையும் தெளிவு: உழைப்புக்கு ஈடாக அவர்கள் கேட்டது திருமணத்தையே. பெண்ணின் உழைப்புக்கு மணவாழ்வே கூலி என்னும் பழைய நீதியை அவர்கள் கடந்தாரல்லர். அதிருப்தி தானாகவே விமரிசனமாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

4

இவ்விடத்தில் வாவிக்கரையின் கூத்து மரபு நமக்குச் சில தெளிவுகளைத் தருகின்றது. பதினெட்டாம் நாட் போரில் வீமன் துரியோதனனைத் தொடையில் அடித்து வீழ்த்துகின்றான். அது கதாயுதப் போரின் நெறிக்கு மாறானது. பலராமன் சினந்தெழுகின்றான். வென்றவன் நாயகனேயாயினும் அவன் செய்தது தவறென்னும் குரல் கதைக்குள்ளேயே ஒலிக்கின்றது. வாலி வதையிலும் அவ்வாறே. மறைந்துநின்று எய்தவனை நோக்கி, வீழ்ந்து கிடப்பவன் நியாயம் கேட்கின்றான். இராமன் பக்கம் நிற்கும் காவியமே வாலியின் வாயில் இவ்வினாவை வைக்கின்றது. இத்தகைய கதைகளில் முறையிடுபவன் முட்டாளாக்கப்படுவதில்லை. அவன் வினாவைச் சபை தன்னோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றது.

அன்றியும், கூத்தை ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே ஊரவர். ஆகவே பனுவலை மாற்றும் உரிமையும் அவர்களிடமே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியாற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ ஆகியன மேடையேறின. சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ இராவணனை அவல நாயகனாகக் காட்டியது. 1969இல் அவரது ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தை வர்க்க முரண்பாட்டின் வெளிப்பாட்டுக்குப் பயன்படுத்தியது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் சீலாமுனையிற் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊரவருடன் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், சாதி, பால்நிலை ஆகியன பற்றிக் கூத்துப் பனுவல்கள் கூறுவதையே விவாதப் பொருளாக்கியது.

கூத்தை இலட்சியமயப்படுத்துதல் நம் நோக்கமன்று. களரியில் நெடுங்காலம் பெண்கள் ஆடவில்லை. சாதி ஏற்றத்தாழ்வு அங்கும் நிலவிற்று. ஆயினும் அக்குறைகளைச் சுட்டுவோர் அண்ணாவியாரோடு நேர்நின்று வாதிடலாம். அடுத்த முறை பாட்டைத் திருத்தியும் ஆடலாம். தொலைக்காட்சித் தொடரின் உற்பத்தி உறவு இதற்கு இடந்தருவதில்லை. டோரா பார்ப்போரை நோக்கி வினாவெழுப்பி, விடைக்காகக் காத்திருப்பதாகக் காட்டுகின்றாள். பிள்ளை என்ன விடை கூறினும், கூறாது விடினும், கதை முன்னரே தீர்மானித்த வழியே செல்கின்றது. உரையாடலின் தோற்றம் உண்டு; உரையாடல் இல்லை. நீதி பிழையாயிருப்பதைக் காட்டிலும், பிழையென்று கூறுவோர் குரல் சென்றடைய இடமின்மையே பார்ப்போரின் எரிச்சலுக்கு ஆழமான காரணமாகும்.

5

ஆகவே செய்யத்தக்கது யாது? தடை தீர்வாகாது, ‘நல்ல நீதி’ கூறும் தொடர்களைக் கோருதல் மட்டும் போதுமானதாகாது. பள்ளி வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் சிறுவர் எழுப்பும் வினாவை முடிவுவரை செல்லவிடுதல் வேண்டும். லட்டை எவர் செய்தார்? அரசனுக்கு நெல் எங்கிருந்து வந்தது? காலியா தன் கதையைக் கூறினால் எவ்வாறு கூறுவான்? இவ்வினாக்களை வைத்துச் சிறுவரே ஒரு சிறு கூத்தை ஆடலாம். அதற்கு வேண்டிய ஆட்டமும் பாட்டும் அண்ணாவிமாரும் இவ்வாவிக்கரையில் இன்றும் உள்ளனர்.

2023 செப்டெம்பரில், மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகள் பறிபோவதை எதிர்த்துப் பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். அவர்கள் செய்ததும் முறையிடலே. முறையிடுபவன் எப்பொழுதும் தவறானவன் என ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் பயின்று வளரும் பிள்ளை, தன் தந்தை வீதியோரத்தில் அமர்ந்திருப்பதை எவ்வாறு விளங்கிக்கொள்ளும்? படுவான்கரைச் சிறுமி தன் வினாவைக் கேட்டுவிட்டாள். அவ்வினா அவளிடத்தே அடங்கிப்போகாது காத்தல், ஆசிரியரும் ஆய்வாளரும் பெற்றோருமாகிய நம் கடனாகும்.